சேப்பாக்கத்தில் ஒரே ஒரு மேட்ச் பார்ப்பதென்றால் எதற்குப் போவது?

மதுரை, நெல்லை, கோவைப் பக்கமிருந்து ஒரு தடவையாவது சேப்பாக்கத்துக்கு வந்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, "சிஎஸ்கே டிக்கெட் எப்போது விடுவார்கள்?" என்பதைத்தான். டிக்கெட் கிடக்கட்டும், எந்த மாதிரி மேட்சுக்கு வரப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள் என்பேன். மைதானம் ஒன்றுதான், நாற்காலியும் அதேதான். ஆனால் ஐபிஎல் ராத்திரியில் அங்கே உட்கார்வதும், டெஸ்ட் மேட்சின் மூன்றாம் நாள் காலையில் உட்கார்வதும் இரண்டு வேறு ஊருக்குப் போய்வந்த மாதிரி.

என் ஓட்டு டெஸ்டுக்கு. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் எல்லோருக்கும் அது சரிப்பட்டு வராது. கூட வருவது யார், ராத்திரி தங்க இடம் இருக்கிறதா, நீங்கள் பார்க்க வருவது தோனியையா ஆட்டத்தையா, இதையெல்லாம் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஐபிஎல்லில் இருந்தே தொடங்கலாம், ஏனென்றால் முக்கால்வாசிப் பேர் மனதில் இருப்பது அதுதான். முதல் சிக்கல் டிக்கெட். 2025 சீசனில் சென்னை அணியின் ஆட்டங்களுக்கு ஆகக் குறைந்த விலை 1,700 ரூபாய், அது சி, டி, இ ஸ்டாண்டுகளின் கீழ்த்தளம். கலைஞர் ஸ்டாண்டின் மேற்பகுதிக்கு 7,500 வரை போனது. இந்த விலையிலும் ஆன்லைனில் திறந்த கொஞ்ச நேரத்தில் காலியாகிவிடும். வெளியே பெல்ஸ் ரோட்டில் "எக்ஸ்ட்ரா டிக்கெட் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே நடப்பவர்களையும், காதோரம் வந்து மூன்று மடங்கு விலை சொல்பவர்களையும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பார்க்கலாம். அந்த வழிக்கே போகாதீர்கள். போலி டிக்கெட்டோடு கேட்டில் மாட்டி நிற்பவர்கள் வருஷா வருஷம் இருக்கிறார்கள்.

சரி, டிக்கெட் கிடைத்துவிட்டது. உள்ளே என்ன கிடைக்கும்? சத்தம். அந்தச் சத்தத்துக்காகவே ஒரு தடவை போகலாம், அதை நான் மறுக்கவில்லை. 2025 மார்ச் 28 அன்று பெங்களூரு அணி வந்தபோது சென்னை 197 ரன்னைத் துரத்தியது. தோனி இறங்கியது ஒன்பதாவது ஆளாக. அதற்குள் ஆட்டம் கையை விட்டுப் போயிருந்தது. தோற்றது 50 ரன்னில், 2008க்குப் பிறகு பெங்களூரு சேப்பாக்கத்தில் ஜெயித்தது அன்றுதான். ஆனாலும் அந்த மனிதர் மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது மைதானம் எழுந்து நின்றது. கடைசி ஓவரில் அவர் அடித்த சிக்ஸர்களுக்கு, ஆட்டத்தை ஜெயித்த மாதிரி விசில். அதை ரசிக்க முடிகிறவருக்கு ஐபிஎல் முழுப் பைசா வசூல். "தோற்கிற மேட்சில் என்ன கொண்டாட்டம்?" என்று எரிச்சல்படுகிற ஆள் நீங்கள் என்றால், 1,700 ரூபாயை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

"சேப்பாக்கம் கோட்டை, இங்கே சென்னை தோற்காது" என்ற பேச்சை நம்பி வருவதும் இனி சரியாக இருக்காது. அந்த 2025 சீசனில் இங்கே முதல் ஆட்டத்தில் மும்பையை வென்றதோடு சரி. அடுத்து இங்கே ஆடிய ஐந்தும் தோல்வி. கொல்கத்தாவுக்கு எதிராக 20 ஓவரில் 103 தான் வந்தது. அணி ஜெயிப்பதைப் பார்க்கக் குழந்தையைக் கூட்டி வருகிறீர்கள் என்றால் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம், திரும்பிப் போவது. ஏழரைக்குத் தொடங்கும் ஆட்டம் பதினோரு மணியைத் தாண்டித்தான் முடியும். வாலாஜா சாலையில் கூட்டத்தோடு நகர்ந்து வெளியே வர இன்னும் அரை மணி. தென்மாவட்ட ரயில்கள் பெரும்பாலும் அதற்குள் கிளம்பியிருக்கும். வெளியூர்க்காரர்களுக்கு ஐபிஎல் என்றால் ஒரு ராத்திரி ரூம் வாடகையும் சேர்ந்தது. சனி, ஞாயிறு மூன்றரை மணி ஆட்டம் என்றால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் ஏப்ரல் மாதச் சென்னை வெயிலில் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

அப்புறம், இந்திய அணி ஆடும் ஒருநாள், டி20 ஆட்டங்கள். குடும்பத்தோடு வருபவர்களுக்கு இதுதான் நடுவாந்தரமான தேர்வு என்று பலர் சொல்வார்கள். எனக்கு அரை மனதுதான். கூட்டம் ஐபிஎல் அளவுக்கு இருக்கும், டிக்கெட் பாடும் அதே பாடு. ஆனால் ஆட்டம் நன்றாக அமைந்துவிட்டால் இரண்டு உலகத்தின் சுவையும் கிடைக்கும். 2023 உலகக் கோப்பையில் அக்டோபர் 8 அன்று ஆஸ்திரேலியாவை 199க்குச் சுருட்டினார்கள். ஜடேஜாவின் மூன்று விக்கெட்டும் சேப்பாக்கம் என்றால் என்ன என்று காட்டியவை, ஸ்மித்துக்குத் திரும்பிய பந்து ஆஃப் ஸ்டம்பின் தலையைத் தட்டிவிட்டுப் போனது. பிறகு இந்தியா 2 ரன்னுக்கு 3 விக்கெட். அந்தக் கணத்தில் மைதானம் முழுக்க வாயடைத்துப் போய், கோலியும் ராகுலும் ஒவ்வொரு ரன்னாகச் சேர்க்கச் சேர்க்க மெல்ல உயிர் வந்தது. 2025 ஜனவரியில் இங்கிலாந்துடன் டி20, அதில் திலக் வர்மா 72 நாட் அவுட். இரண்டே விக்கெட் மிச்சம் இருக்க ஜெயித்தார்கள். இப்படி அமையும் நாளும் உண்டு. மாலையில் பனி இறங்கி, ஸ்பின்னர்கள் நனைந்த பந்தைத் துண்டால் துடைத்துத் துடைத்து ஓய்ந்து, இரண்டாவது பேட்டிங் செய்யும் அணி சிரமமில்லாமல் அடித்து முடிக்கும் நாளும் உண்டு. அன்று சேப்பாக்கத்துக்கும் வேறு எந்த மைதானத்துக்கும் வித்தியாசம் தெரியாது.

பெரும்பாலானவர்கள் கணக்கிலேயே எடுக்காத ஒன்று, இந்தியா ஆடாத உலகக் கோப்பை ஆட்டங்கள். அதே 2023இல் இங்கே பாகிஸ்தானை ஆப்கானிஸ்தான் எட்டு விக்கெட்டில் வென்றது. ஒருநாள் ஆட்டத்தில் அவர்கள் பாகிஸ்தானை வென்றது அதுதான் முதல் தடவை. நான்கு நாள் கழித்து அதே பாகிஸ்தானை தென்னாப்பிரிக்கா ஒரே ஒரு விக்கெட் கையில் இருக்க வென்றது, கேசவ் மகராஜ் அடித்த பவுண்டரியில். அந்த உலகக் கோப்பையின் மிகச் சிறந்த ஆட்டங்களில் இரண்டு. இப்படிப்பட்ட மேட்சுகளுக்கு டிக்கெட்டுக்காக அடிதடி இல்லை, நல்ல இடத்தில் உட்காரலாம். யார் ஜெயித்தாலும் நமக்கென்ன என்று இருப்பதால் ஆட்டத்தை ஆட்டமாகப் பார்க்கலாம்.

அதற்குச் சென்னைக் கூட்டம் பழக்கப்பட்டதுதான். 1997 மே மாதம் சயீத் அன்வர் இங்கே 194 அடித்தார். ஒருநாள் ஆட்டத்தில் அதுவரை யாரும் எடுக்காத ஸ்கோர். வெயில் தாங்காமல் போனதால் அவருக்குப் பதிலாக அஃப்ரிடி ரன்னராக ஓடினார். அடிபட்டது நம் பந்துவீச்சு, எழுந்து நின்று கைதட்டியது நம் ஆட்கள்.

டெஸ்ட்

இனி என் கட்சிக்கு வருகிறேன். சேப்பாக்கத்தில் நடந்ததிலேயே பெரிய விஷயங்கள் என்று பட்டியல் போட்டால், முக்கால்வாசி டெஸ்டில் நடந்தவை. 1952இல் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைக் கண்டது இங்கேதான், வினூ மன்கட் இங்கிலாந்தின் 12 விக்கெட்டுகளை எடுத்தார். 1988இல் ஸ்பின்னர் ஹிர்வானி தான் ஆடிய முதல் டெஸ்டிலேயே 16 விக்கெட். 1986இல் ஆஸ்திரேலியாவுடன் ஆடி, இரண்டு அணியும் சமமான ரன்னில் முடித்த டை. அதில் டீன் ஜோன்ஸ் 210 அடித்து முடித்துவிட்டு ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டார். செப்டம்பர் வெயிலும் புழுக்கமும் அப்படி. மைதானத்துக்குள் ஓடியவர் கதை அது என்றாலும், பார்க்கப் போகிறவரும் தொப்பி எடுத்துக்கொள்வது நல்லது.

ஆனால் பழம்பெருமைக்காக டெஸ்டுக்கு வாருங்கள் என்று சொல்லவில்லை. இந்த மைதானத்தின் குணம் மெதுவாக வெளிப்படுகிற குணம். பிட்ச் முதல் நாள் ஒரு மாதிரி, நான்காம் நாள் வேறு மாதிரி. செம்மண் பிட்சா, கரிசல் மண் பிட்சா என்பதைப் பொறுத்தும் மாறும். செம்மண்ணில் பந்து எழும்பும், சட்டென்று திரும்பும். கரிசலில் தாழ்ந்து, தயங்கி வரும். 20 ஓவரில் இதெல்லாம் கண்ணில் படுவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். டெஸ்டில் ஒரு ஸ்பின்னர் ஒரே பேட்ஸ்மேனுக்கு ஆறு ஓவர் தொடர்ந்து போட்டு, ஒவ்வொரு ஓவருக்கும் பேட்ஸ்மேனை ஒட்டி நிற்கும் ஷார்ட் லெக் ஃபீல்டரை அரையடி நகர்த்தி, ஏழாவது ஓவரில் மடக்குவதைப் பார்க்கலாம். டிவி கேமரா பந்தின் பின்னால் போய்விடும், ஃபீல்டர் நகர்வது திரையில் தெரியாது. ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பவருக்கு முதலில் தெரிவது அதுதான். பக்கத்து நாற்காலிப் பெரியவர் அதைப் பற்றி உங்களிடம் பேசாமல் இருக்க மாட்டார், அதையும் சொல்லிவிடுகிறேன்.

2021 பிப்ரவரியில் இங்கிலாந்து வந்தபோது இங்கே அடுத்தடுத்து இரண்டு டெஸ்ட். கோவிட் காலம், முதல் டெஸ்டுக்கு ஆட்களை உள்ளே விடவில்லை. ரூட் 218 அடித்தார், இங்கிலாந்து 227 ரன்னில் ஜெயித்தது, திருவல்லிக்கேணிப் பையன் வாஷிங்டன் சுந்தர் அடித்த 85 நாட் அவுட்டுக்குக் கைதட்ட ஊர்க்காரர்கள் இல்லை. இரண்டாவது டெஸ்டுக்குப் பாதி இருக்கைகளைத் திறந்தார்கள். டிக்கெட் 100, 150, 200 ரூபாய். அனுமதிச் சிக்கலால் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்த ஐ, ஜே, கே ஸ்டாண்டுகளும் அப்போது திறந்தன. மூன்றாம் நாள் அஸ்வின் தொண்ணூறு ரன்னைத் தாண்டி நிற்கும்போது எதிர் முனையில் கடைசி ஆளாக சிராஜ். ஒவ்வொரு பந்தையும் சிராஜ் தடுத்ததற்கு நூறு அடித்தவனுக்குக் கிடைக்கும் கைதட்டல். அஸ்வின் நூறைத் தொட்டதும் அவரைவிட உயரமாகக் குதித்தது சிராஜ்தான். 150 ரூபாய்க்கு அதைப் பார்த்தவர்கள் புண்ணியம் செய்தவர்கள். டெஸ்ட் விலையும் அதற்கப்புறம் ஏறிவிட்டது, ஆனால் ஐபிஎல்லோடு ஒப்பிட்டால் இன்னும் மலிவுதான், அதுவும் ஒரு முழு நாளுக்கு.

வெளியூர்க்காரர்களுக்கு டெஸ்டில் இன்னொரு வசதி. காலை ஒன்பதரைக்குத் தொடங்கி மாலை ஐந்துக்குள் முடிந்துவிடும். இரவு ரயிலில் வந்து எழும்பூரில் இறங்கி, குளித்துவிட்டு மேட்ச் பார்த்து, அன்று இரவே பாண்டியன் எக்ஸ்பிரஸைப் பிடித்து மதுரைக்குத் திரும்பிவிடலாம். நடுவில் திருவல்லிக்கேணி ரத்னா கஃபேயில் சாம்பாரில் மிதக்கும் இட்லிக்கும் நேரம் இருக்கும். மைதானத்துக்குள் விற்கும் சாப்பாட்டை நம்பாதீர்கள், விலையும் அதிகம், வரிசையும் நீளம்.

குறைகளும் உண்டு. பெரிய குறை, டெஸ்ட் இங்கே அடிக்கடி நடப்பதில்லை. 2013, 2016, 2021, 2024 என்று மூன்றிலிருந்து ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருகிறது. அட்டவணையில் சென்னை என்று பார்த்ததும் லீவு சொல்லிவிட வேண்டியதுதான். பிட்ச் சப்பையாக அமைந்துவிட்டால் சோதனை. 2008 மார்ச்சில் தென்னாப்பிரிக்கா 540, இந்தியா 627, ஆட்டம் டிரா. சேவாக் 319 அடித்ததால் அதற்கு ஒரு மன்னிப்பு. மழை இன்னொரு பயம். 2004 அக்டோபரில் ஆஸ்திரேலியாவை வெல்ல 229 வேண்டும், விக்கெட் இழப்பில்லாமல் 19 என்று நான்காம் நாள் முடிந்தது. ஐந்தாம் நாளுக்கு டிக்கெட் வாங்கியவர்கள் மழையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை என்பது சென்னையில் எல்லோருக்கும் தெரிந்தது. இருந்தும் அப்போது மேட்ச் வைப்பார்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் ஊரையே புரட்டிப் போட்ட நான்காவது நாள் டெஸ்ட் தொடங்கியது. ஈரமான பிட்சைத் தட்டுகளில் நெருப்புக் கங்குகளை வைத்துக் காயவைத்தார்கள், ஆட்டம் ஒழுங்காக நடந்தது. கருண் நாயர் முந்நூறு அடித்தது அந்த மேட்சில்தான்.

எந்த நாளுக்கு வருவது? மூன்றாம் நாள். முடிந்தால் நான்காம் நாளையும் சேர்த்துக்கொள்ளலாம். ஐந்தாம் நாளுக்கு முன்கூட்டியே வாங்குவது சூதாட்டம். 2024 செப்டம்பரில் வங்கதேசம் நான்காம் நாள் சாப்பாட்டு இடைவேளைக்கு முன்னாலேயே சுருண்டது. அஸ்வின் நூறும் அடித்து ஆறு விக்கெட்டும் எடுத்த மேட்ச் அது. முதல் நாளில் ஒரு அணி நிதானமாக அடிக்கும் வாய்ப்பே அதிகம், சனி ஞாயிறாக அமைந்தால் மட்டும் யோசிக்கலாம். அஸ்வின் ஓய்வு பெற்றுவிட்டதால் அடுத்த டெஸ்டில் அந்த ஈர்ப்பு இருக்காது என்று சிலர் சொல்கிறார்கள். பிட்ச் அங்கேயேதானே இருக்கிறது, வேறு யாராவது சுழற்றுவார்கள்.

1999 ஜனவரியைச் சொல்லாமல் டெஸ்டைப் பற்றிய பேச்சை முடிக்க முடியாது. பாகிஸ்தானுக்கு எதிராக 271 ரன் இலக்கு. முதுகுவலியோடு சச்சின் 136. அவர் அவுட்டானதும் மிச்சப் பேர் வரிசையாகக் கிளம்பினார்கள், 12 ரன்னில் தோல்வி. கொஞ்ச நேரம் மைதானமே அமைதி. பிறகு பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்தபோது ஸ்டாண்டு ஸ்டாண்டாக எழுந்து நின்று கைதட்டினார்கள். அன்று அங்கே இருந்தவர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிக் கண்கலங்குவார்கள். இப்போது வரும் கூட்டத்திடமும் அந்தக் குணம் இருக்கிறதா என்றால், டெஸ்டுக்கு வரும் கூட்டத்திடம் இருக்கிறது என்பேன். ஐபிஎல் கூட்டத்தைப் பற்றி அந்த அளவுக்கு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

எங்கே உட்காருவது

எந்த ஆட்டம் என்பதைப் பொறுத்தே இதுவும். டெஸ்டுக்கு வெயில்தான் முதல் கணக்கு. மேற்கே பெல்ஸ் ரோடு, கிழக்கே பறக்கும் ரயில் பாதை. மேற்குப் பக்கம் உட்கார்ந்தால் மதியத்துக்கு மேல் சூரியன் முதுகுப் பக்கம் போய்விடும். கிழக்குப் பக்கம் உட்கார்ந்தால் டீ இடைவேளைக்குப் பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டே பார்க்க வேண்டியிருக்கும். டிக்கெட் எடுக்கும்போது வரைபடத்தில் திசையைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2011இல் கட்டிய ஸ்டாண்டுகளை கடல்காற்று உள்ளே வருகிற மாதிரி இடைவெளி விட்டுத்தான் கட்டினார்கள், மேலே கூடாரத் துணி போன்ற வெள்ளைக் கூரை. மேல்தளத்தில் நிழலும் காற்றும் இருக்கும். கீழ்த்தள முன்வரிசையில் இரண்டுமே குறைச்சல், அதோடு கம்பி வலை வேறு கண்ணை மறைக்கும்.

ஸ்பின்னைப் பார்க்க வேண்டும் என்றால் விக்கெட்டுக்கு நேர் பின்னால், கொஞ்சம் உயரத்தில். பக்கவாட்டில் இருந்து பார்த்தால் பந்து எவ்வளவு திரும்பியது என்பதே தெரியாது, பேட்ஸ்மேன் ஏன் ஏமாந்தார் என்று பெரிய திரையைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். டி20க்கு அப்படி இல்லை. சிக்ஸர் விழுவது மிட்விக்கெட் பக்கம்தான் அதிகம், பக்கவாட்டு இருக்கையே போதும். அங்கேதான் கும்மாளமும்.

போக்குவரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. பறக்கும் ரயிலில் சேப்பாக்கம் நிறுத்தம் மைதானத்தை ஒட்டியே இருக்கிறது. மெட்ரோ என்றால் அரசினர் தோட்டத்தில் இறங்கி நடக்க வேண்டும். காரில் மட்டும் வராதீர்கள்.

இத்தனையும் படித்துவிட்டு, காசே செலவழிக்காமல் அந்த மைதானத்துக்குள் உட்கார வழியில்லையா என்று கேட்டால், இருக்கிறது. மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பையில் தமிழ்நாடு அணியின் ஆட்டம் இங்கே நடக்கும் நாட்களில் பொதுவாக நுழைவுக் கட்டணம் கிடையாது. கூட்டமும் இருக்காது, பேட்ஸ்மேனும் விக்கெட் கீப்பரும் பேசிக்கொள்வதுகூடக் காதில் விழும். கோவை, சேலம், நத்தம் என்று ஆட்டங்களைப் பிரித்துக் கொடுப்பதால் சென்னையில் எது என்று அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் நடந்ததே இந்த மைதானத்தில்தான், 1934 நவம்பர் 4, சென்னையும் மைசூரும். ஏ.ஜி. ராம்சிங் 35 ரன் கொடுத்து 11 விக்கெட் எடுக்க, ஆட்டம் அன்று மாலைக்குள் முடிந்துவிட்டது. ஆகவே டெஸ்டுக்குச் சொன்ன மூன்றாம் நாள் கணக்கை இதற்கும் போடாமல், முதல் நாளே வந்துவிடுங்கள்.